கான்டெஸ்டுக்கு ஒரு லாக், அன்றாடத்துக்கு ஒரு லாக்

"சார், பேர் போடுற இடத்தையே காணோமே?"

லைசென்ஸ் கைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத வியூ3 மாணவர் ஒருவர் என் ஷேக்கில் உட்கார்ந்து கேட்டார். அது அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடிந்தால் சிக்யூ வேர்ல்டு வைடு கான்டெஸ்ட். பழகிப் பார்க்கட்டும் என்று கான்டெஸ்ட் மென்பொருளைத் திறந்து அவரை விசைப்பலகை முன்னால் உட்கார வைத்திருந்தேன். அதுவரை அவர் பார்த்த லாக் என்றால் எதிர்முனையில் பேசுகிறவரின் பெயர், ஊர், அவருடைய ரிக், ஆண்டெனா, அங்கே மழையா வெயிலா என்று எல்லாம் எழுதி வைக்கும் இடம். இப்போது திரையில் இருந்ததோ உள்ளங்கை அகல ஜன்னல். கால் சைனுக்கு ஒரு கட்டம், சிக்னல் ரிப்போர்ட்டுக்கு இரண்டு, ஸோன் எண்ணுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

"பேர் இங்க வேண்டாம் தம்பி. அதுக்கு வேற லாக் வெச்சிருக்கேன்" என்றேன்.

அந்த 'வேற லாக்' பற்றியதுதான் இந்த அத்தியாயம். கான்டெஸ்டுக்கு ஒரு மென்பொருள், மற்ற நாட்களுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளச் சொன்னால் புதியவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஒன்றைக் கற்பதே பாடாக இருக்கும்போது இரண்டு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். பல வருடங்கள் ஒரே மென்பொருளில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நானும் இந்தப் பக்கம் வந்தேன்.

வேகம் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அல்ல

ஒரு மணி நேரத்தில் 100 தொடர்பு என்றால் ஒன்றுக்கு 36 நொடி. அதற்குள் அழைத்து, கேட்டு, தட்டச்சு செய்து, ரிப்போர்ட் பரிமாறி, நன்றி சொல்லி அடுத்தவரை அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் மவுஸைத் தேடுகிறவர் தோற்றுப்போகிறார். கான்டெஸ்ட் மென்பொருளில் கை விசைப்பலகையை விட்டு அகலாது. கால் சைனை அடித்து ஸ்பேஸ் தட்டினால் அடுத்த கட்டம், என்டர் தட்டினால் பதிவு முடிந்தது. எஃப்1 விசையில் சிக்யூ அழைப்பு, எஃப்2வில் நாம் அனுப்ப வேண்டிய எண், எஃப்3யில் நன்றி.

அதோடு, அது கணக்கும் போடுகிறது. சிக்யூ வேர்ல்டு வைடில் இந்தியா 22ஆம் ஸோன். இங்கிருந்து ஜப்பானைப் பிடித்தால், ஒரே கண்டம் என்பதால் 1 புள்ளி. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ 3 புள்ளி. இந்தியாவுக்குள் பேசினால் புள்ளி 0. ஆனால் அந்த பேண்டில் முதல் இந்திய நிலையம் என்றால் நாட்டுக்கும் ஸோனுக்குமான மல்டிபிளையர் கிடைக்கும். அந்தமானின் வியூ4 வந்தால் அது தனி நாட்டுக் கணக்கு, ஸோனும் 26. இதையெல்லாம் அதிகாலை மூன்று மணிக்கு மனக்கணக்காகப் போட முடியாது. என்1எம்எம் லாகர் பிளஸில் கால் சைனை அடித்த உடனே எழுத்தின் நிறம் மாறுகிறது. சாதாரணத் தொடர்புக்கு நீலம், ஒரு மல்டிபிளையர் என்றால் சிவப்பு, ஒன்றுக்கு மேல் என்றால் பச்சை, அதே பேண்டில் ஏற்கெனவே பேசியவர் என்றால் சாம்பல். கணினி இல்லாத காலத்தில் இந்தச் சாம்பல் நிறத்துக்காகவே அகரவரிசையில் கட்டம் போட்ட தனித்தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கால் சைனையும் இரண்டு முறை எழுதினார்கள்.

'ஏற்கெனவே பேசியவர்' என்ற சொல்லுக்கே இரண்டு லாக்கிலும் பொருள் வேறு. கான்டெஸ்ட் லாக்குக்கு இந்த 48 மணி நேரத்துக்கு முன்னால் உலகமே கிடையாது. போன வருடம் அதே நிலையத்துடன் பத்து முறை பேசியிருந்தாலும் இன்று அவர் புதியவர். அன்றாட லாக்குக்கோ நீங்கள் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரே நீளமான நூல். அந்த நிலையத்தின் கால் சைனை அடித்ததும், 2016இல் 15 மீட்டரில் பேசியது, அவர் பெயர், அவருக்குக் கார்டு அனுப்பினோமா, வந்ததா என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும்.

எழுதியதைத் தொடக் கூடாத லாக், திருத்தியே ஆக வேண்டிய லாக்

என் மனதுக்கு உண்மையான காரணம் இதுதான். சிக்யூ வேர்ல்டு வைடு விதிகளில், கான்டெஸ்ட் முடிந்த பிறகு தரவுத்தளம், ஒலிப்பதிவு, மின்னஞ்சல் போன்றவற்றின் துணையோடு கால் சைன்களையும் எண்களையும் திருத்துவது தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த நொடியில் உங்கள் காதுக்கு என்ன விழுந்ததோ அதுதான் லாக். நடுவர்கள் எல்லோருடைய லாக்கையும் கணினியில் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். தவறாகக் கேட்ட கால் சைனுக்கு அந்தத் தொடர்பும் போகும், மேற்கொண்டு அபராதமும் உண்டு. கேட்கும் திறமையைச் சோதிக்கும் பந்தயம் என்பதால் அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன்.

அன்றாட லாக்கின் தர்மம் இதற்கு நேர் எதிர். அது சரியாக இருக்க வேண்டும். பிழை தெரிந்தால் திருத்தாமல் விடுவதுதான் தப்பு.

ஒரு உதாரணம். மோர்ஸில் 'எஸ்' மூன்று புள்ளி, 'ஹெச்' நான்கு புள்ளி. நவம்பர் கான்டெஸ்டில், வடகிழக்குப் பருவமழை இடியின் கரகரப்புக்கு நடுவே, ஒரு ஜப்பானிய நிலையத்தின் இரண்டாம் எழுத்தை 'ஹெச்' என்று எடுத்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து க்யூஎஸ்எல் கார்டு வந்தது. அதே தேதி, அதே நிமிடம், அதே அலைவரிசை. ஆனால் கார்டில் இருந்தது 'எஸ்'. இரைச்சல் எனக்கு ஒரு புள்ளியைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. அன்றாட லாக்கில் அந்தப் பதிவைத் திறந்து எழுத்தை மாற்றி, குறிப்புக் கட்டத்தில் 'கார்டு பார்த்துத் திருத்தியது' என்று எழுதி, பதில் கார்டும் அனுப்பினேன். கான்டெஸ்ட் லாக்கில் அந்த 'ஹெச்' இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரே லாக் வைத்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றுக்குத் துரோகம் செய்திருப்பேன்.

எதை எடுப்பது

விண்டோஸ் கணினி என்றால் கான்டெஸ்டுக்கு என்1எம்எம் லாகர் பிளஸ். இலவசம், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். தன்னைப் பொது லாக் மென்பொருளாக அது சொல்லிக்கொள்வதும் இல்லை. மேக் என்றால் ஸ்கூக்கம் லாகர், லினக்ஸ் என்றால் நாட்1எம்எம் அல்லது டிஎல்எஃப்.

அன்றாடத்துக்கு விண்டோஸில் லாக்4ஓஎம், டிஎக்ஸ்கீப்பர், லாகர்32 மூன்றும் இலவசம். லினக்ஸில் சிக்யூஆர்லாக், மேக்கில் ரம்லாக். சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு பிரவுசரிலேயே ஓடும் வேவ்லாக். நான் லாக்4ஓஎம்மில் இருக்கிறேன். மற்றவை குறைந்தவை என்பதால் அல்ல, கை பழகிவிட்டது. எதை எடுத்தாலும் ஏடிஐஎஃப் கோப்பை ஏற்றவும் இறக்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். அந்த ஒரு வசதி இருந்தால் பத்து வருடம் கழித்து மனம் மாறினாலும் லாக் உங்களோடு வரும்.

கடிகாரம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். லாக் எழுதுவது யுடிசி நேரத்தில். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் இடைவெளி. சிக்யூ வேர்ல்டு வைடு யுடிசியில் சனிக்கிழமை 00:00 மணிக்குத் தொடங்குகிறது, நமக்கு அது காலை 5:30. முடிவது நமக்குத் திங்கள் காலை 5:29. நள்ளிரவுக்கும் 5:30க்கும் நடுவே செய்கிற எல்லாத் தொடர்புக்கும் யுடிசி தேதி முந்தைய நாள். காகிதத்தில் எழுதிய காலத்தில் நம் ஊர் லாக்குகளில் அடிக்கடி தேதி பிசகியது இந்த இடத்தில்தான். மென்பொருள் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் கணினியின் நேர மண்டலம் சரியாக இருந்தால் மட்டும். விண்டோஸ் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று நான்கு ஊரும் சேர்ந்து நிற்கும் வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ள விட்டுவிடுங்கள். முள்ளைக் கையால் திருப்பாதீர்கள்.

ஒரு டிசம்பரில் என் மடிக்கணினி பழுதாகி, கடையில் விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். நேர மண்டலம் அமெரிக்க மேற்குக் கரையில் இருந்திருக்கிறது. கடையில் அதை மாற்றாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணினியின் நேரத்தை மட்டும் திருப்பி வைத்திருக்கிறார்கள். திரையின் மூலையில் நேரம் சரியாகத் தெரிந்ததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் மென்பொருள், இது அமெரிக்க நேரம் என்று நம்பி 8 மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தது. காலை 10 மணிக்குப் பேசியது 04:30 என்று பதிவாக வேண்டும், 18:00 என்று பதிவானது. பதின்மூன்றரை மணி நேரப் பிசகு. பிப்ரவரியில்தான் கண்டுபிடித்தேன், அதுவும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் ஒரு தொடர்புகூட உறுதியாகவில்லையே என்று யோசித்தபோது. அங்கே இரண்டு பக்க நேரமும் 30 நிமிடத்துக்குள் பொருந்தினால்தான் உறுதிப்பாடு கிடைக்கும். அன்றாட லாக்கில் அந்த இரண்டு மாதத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஏற்றினேன். அந்த நாட்களில் நான் எந்தக் கான்டெஸ்டிலும் இறங்கியிருக்கவில்லை என்பதில் இன்றும் எனக்கு நிம்மதி.

வெள்ளிக்கிழமை செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கான்டெஸ்டுக்கும் புதிய லாக் திறக்க வேண்டும். போன வருடத்து லாக்கின் மேலேயே தொடர்ந்தால் சாம்பல் நிறம் பொய் சொல்லும். நிலைய விவரத்தில் உங்கள் கால் சைன், ஸோன், கிரிட் மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். திருச்சி எம்கே90, மதுரை எம்ஜே99, சென்னை என்கே03. வார இறுதிக்கு ஏற்காடு போய் அங்கிருந்து இயங்குகிறீர்கள் என்றால் அது எம்கே91. வீட்டுக் கிரிட்டோடு போய்விட்டால் பின்னால் அந்த வார இறுதி முழுவதையும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டியிருக்கும்.

ரிக்கைக் கணினியோடு இணைக்கும் காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். அன்றாட லாக் திறந்திருக்கும்போது கான்டெஸ்ட் மென்பொருளைத் திறந்தால் ரிக் பேசாது. கேபிள் போய்விட்டது என்று நினைத்துச் சாலிடரிங் அயர்னைச் சூடு பண்ணியவர்களை எனக்குத் தெரியும். முதலில் அன்றாட லாக்கை மூடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. என்1எம்எம் ஒவ்வொரு தொடர்பையும் பதிவான அந்த நொடியே நெட்வொர்க் வழியாக அன்றாட லாக்குக்கு அனுப்பும்படி அமைக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. பெரிய கான்டெஸ்டில் நான் அதைச் செய்வதில்லை. பந்தயத்தின் நடுவே நீங்கள் ஒரு பதிவைத் திருத்தினாலோ அழித்தாலோ அந்த மாற்றம் மறுபக்கம் எப்போதும் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. திங்கட்கிழமை இரண்டு லாக்கும் இரண்டு கதை சொல்லும்.

நவம்பர் என்றால் மழை. யூபிஎஸ் பேட்டரியைச் சோதித்து வையுங்கள். ரிக் பேட்டரியில் ஓடலாம், கணினி அணைந்தால் லாக் நிற்கும். பதிவு நொடிக்கு நொடி டிஸ்கில் எழுதப்படுவதால் எழுதியது போகாது. திரும்ப எழுந்திருக்கும் ஐந்து நிமிடம்தான் போகும். இடி நெருங்கினால் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு எழுந்து போய்விடுங்கள். எந்த ஸ்கோரும் அதைவிடப் பெரியதில்லை.

திங்கட்கிழமை

தூங்கி எழுந்த பிறகு செய்யுங்கள். 48 மணி நேரக் களைப்பில் கோப்புகளைத் தொடுவது நல்லதல்ல. லாக் அனுப்ப 5 நாள் அவகாசம் இருக்கிறது.

முதல் வேலை, கான்டெஸ்ட் தரவுக் கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுப்பது. பிறகுதான் மற்றவை.

நடுவர்களுக்குப் போவது கப்ரில்லோ என்ற வடிவம். ஒரு தொடர்புக்கு ஒரு வரி. அலைவரிசை, முறை, தேதி, நேரம், உங்கள் கால் சைன், நீங்கள் அனுப்பியது, அவர் கால் சைன், அவர் அனுப்பியது என்று கட்டம் கட்டமாக நிற்கும். மேலே உங்கள் பிரிவு இருக்கும். 100 வாட் வரை லோ பவர், 5 வாட் வரை க்யூஆர்பி. இந்த வரி தப்பாகப் போனால் தப்பான வரிசையில் இடம் பெறுவீர்கள். ஒரே நிலையம் இரண்டு முறை வந்திருந்தால் இரண்டாவதை அழிக்க வேண்டாம். அதற்கு அபராதம் இல்லை, அழித்தால்தான் எதிர்முனைக்காரரின் லாக்கோடு ஒப்பிடும்போது இடைவெளி விழும்.

அன்றாட லாக்குக்குப் போவது ஏடிஐஎஃப். ஏற்றுவதற்கு முன் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து ஒரு பதிவை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் கோண அடைப்புக்குள் அதன் பெயரும், பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் அடுத்து வருவது எத்தனை எழுத்து என்று சொல்கிறது. ஆறு எழுத்துக் கால் சைன் என்றால் 6. இது தெரியாமல் நோட்பேடிலேயே ஒரு எழுத்தைச் சேர்த்து, எண்ணை மாற்றாமல் விட்டால், ஏற்றும்போது கடைசி எழுத்து வெட்டுப்பட்டு நிற்கும். ஆகவே அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, திருத்தங்களை அன்றாட லாக்குக்குள் போன பிறகு செய்யுங்கள்.

ஏற்றும்போது ஏற்கெனவே உள்ள பதிவுகளைத் தவிர்க்கச் சொல்லும் தேர்வை இயக்கிவிடுங்கள். அதே கோப்பை மறதியில் இரண்டு முறை ஏற்றிவிட்டால் நூற்றுக்கணக்கான பதிவுகள் இரட்டிப்பாகும். இதற்கு ஒரு எளிய பழக்கம் போதும். ஏற்றுவதற்கு முன் அன்றாட லாக்கின் மொத்த எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்து, கான்டெஸ்ட் எண்ணிக்கையைக் கூட்டி, ஏற்றிய பின் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பத்து நொடி வேலை.

ஒரு எச்சரிக்கை. ஸோன் எண்ணை அன்றாட மென்பொருள் கால் சைனைப் பார்த்துத் தானாக நிரப்ப விடாதீர்கள். அமெரிக்காவில் ஊர் மாறினாலும் பழைய கால் சைனையே வைத்துக்கொள்ளலாம். 6 என்ற எண்ணைக் கண்டதும் மென்பொருள் கலிபோர்னியா, 3ஆம் ஸோன் என்று ஊகிக்கும். அவரோ கிழக்குக் கரையில் உட்கார்ந்து 5 என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார். அவர் வாயால் சொன்னதுதான் சரி.

லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு, கிளப் லாக் போன்ற இடங்களுக்கு அன்றாட லாக்கிலிருந்து மட்டும் ஏற்றுங்கள். எது போனது, எது உறுதியானது என்ற கணக்கை வைத்திருப்பது அதுதான். கான்டெஸ்ட் மென்பொருளிலிருந்தும் தனியாக அனுப்பத் தொடங்கினால் அந்தக் கணக்கு குழம்பிவிடும். அமெச்சூர் சேவைக்கான 1978ஆம் ஆண்டு விதிகள் நம்மிடம் கேட்பதும் நிலையத்தின் முழுமையான லாக்கைத்தான், வார இறுதித் துண்டுகளை அல்ல.

ஒன்றே போதும் என்கிற நாட்கள்

மற்றவர்களுக்குப் புள்ளி கொடுப்பதற்காகச் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதினைந்து பேருக்குப் பதில் சொல்கிறீர்கள் என்றால், அன்றாட லாக்கிலேயே எழுதிவிட்டுப் போகலாம். எஃப்டி8 முறைக்கும் கான்டெஸ்ட் மென்பொருள் தேவையில்லை. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஒவ்வொரு தொடர்பையும் நேராக அன்றாட லாக்குக்கு அனுப்பிவிடும். கான்டெஸ்ட் பிடிக்காதவர்களுக்கு 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் இருக்கின்றன. அங்கே கான்டெஸ்ட் கிடையாது. அந்த வார இறுதிகளில் நிம்மதியாகப் பேசி, பெயரும் ஊரும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

திரும்பிப் போகும் சரக்கு

இதுவரை சொன்னதெல்லாம் கான்டெஸ்டிலிருந்து அன்றாடத்துக்குப் போகும் பாதை. இரண்டு மூன்று வருடம் சேர்ந்த பிறகு எதிர்த் திசையிலும் சரக்கு போகத் தொடங்கும். அன்றாட லாக்கில் 28 மெகாஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டி, வட அமெரிக்கத் தொடர்புகளை மணி வாரியாக அடுக்கிப் பாருங்கள். உங்கள் மொட்டை மாடி ஆண்டெனாவுக்கு எந்த நேரத்தில் வாசல் திறக்கிறது என்பது எண்ணாகவே தெரியும். அதை எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்ல முடியாது. பெயரைப் பரிமாறும் கான்டெஸ்டுகளும் சில உண்டு. பழைய லாக்கிலிருந்து கால் சைனையும் பெயரையும் பிரித்தெடுத்து ஒரு கோப்பாகக் கொடுத்தால், என்1எம்எம் அழைப்பவரின் பெயரை முன்கூட்டியே கட்டத்தில் நிரப்பி வைக்கும். காதில் விழுவது அதுதானா என்று உறுதி செய்த பிறகே என்டர் தட்ட வேண்டும்.

அந்த மாணவர் சனிக்கிழமை முழுவதும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திங்கட்கிழமை மாலை மறுபடி வந்தார். ஏடிஐஎஃப் கோப்பை அவரையே ஏற்றச் சொன்னேன். தாளில் குறித்த எண்ணும் திரையில் வந்த எண்ணும் சரியாக இருந்தன. பிறகு 18 மெகாஹெர்ட்ஸுக்குப் போனோம். இத்தாலிக்காரர் ஒருவர் மெதுவாக அழைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே மாணவரின் விரல் பெயர்க் கட்டத்துக்குப் போயிருந்தது.